கூரையில் கேட்ட குரல்

லாசால், மொன்றியல்
11.02.2007

அன்புள்ள தம்பி கஜரூபனுக்கு,

நானும் துவாரகாவும் சுகம். ஊர் ஊராக மேடையேறித் திரிகிறீர், நேரத்துக்குச் சாப்பிடுகிறீரோ தெரியாது. குளிருக்குத் தொப்பி போடும். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உமது இசைத்தட்டு இப்போது போகிற இடமெல்லாம் கேட்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற பெட்டை அதைத்தான் முணுமுணுக்கிறாள். சோல் ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாத சனமும் வாங்குகிறதாம், றேடியோவில் சொன்னார்கள். உமது அண்ணை இங்கே இருந்திருந்தால் தெருவில் போகிறவனை மறித்து "எங்கடை தம்பி" என்று சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை பிள்ளையோடு சாமான் வாங்கப் போனேன். கடைக் கூரையில் இருக்கும் ஒலிபெருக்கியில் உமது ஓர்கன் வாசிப்பு. அந்த இடம் வந்தது. கிளப்பில் சனத்தை வைத்துப் பதிந்த அன்று நீர் முடிக்கப்போக, உமது அண்ணை என் பக்கத்தில் எழும்பி நின்று "நிப்பாட்டாதை தம்பி! இன்னும் ஒருக்கா!" என்று கத்தினாரே, அந்த இடம். துவாரகா என் கையை உதறிவிட்டு ஓடினாள். தேடிப் பிடித்தபோது, வேலையாட்கள் மட்டும் போகிற கதவைக் குத்திக்கொண்டு நின்றாள்.

"அப்பா உள்ளுக்கை நிக்கிறார், திறக்கச் சொல்லுங்கோ."

அங்கே வேலை செய்யும் பெண் பாவம் பார்த்துத் திறந்து காட்டினாள். உள்ளே பால் பெட்டிகள் மட்டும்தான்.

போன சித்திரையில் உங்கள் அம்மாவைப் பார்க்கத் திருகோணமலைக்குப் போனவர், அவவுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் காணாமல் போனவர்தான். நான் இன்னும் பொட்டை அழிக்கவில்லை. பிள்ளைக்கு "வருவார்" என்றே சொல்லி வைத்திருக்கிறேன். அதற்காக அவளைக் கடை கடையாகத் தேட வைக்க முடியாது. அந்தக் குரலைப் பாட்டிலிருந்து எடுத்துவிடும், தம்பி.

அன்புடன்,
அண்ணி ஜெயமதி


வன்கூவர்
02.03.2007

என் அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸுக்குள் வைத்து வாசித்தேன். ஏன் அழுகிறாய் என்று எங்கள் டிரம்ஸ்காரன் கேட்டான். தடிமன், மூக்கு ஓடுகிறது என்றேன்.

கம்பனியிடம் கேட்டேன். அந்தக் கத்தல்தான் பாட்டே என்றார்கள். உண்மையும் அதுதான். அன்று நான் முடித்துவிட்டு எழும்ப இருந்தேன். அண்ணை கத்தியபடியால்தான் சிரித்துக்கொண்டு திரும்பத் தொடங்கினேன். அந்த இரண்டாம் சுற்றைத்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். கலியாண வீடுகளிலும் ஆளில்லாத பார்களிலும் வாசித்துத் தேய்ந்து போனவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போது மேடையில் அந்த இடம் வந்ததும் சனம் முழுவதும் "இன்னும் ஒருக்கா" என்று தமிழில் கத்துகிறது. ஒருவருக்கும் கருத்துத் தெரியாது. எனக்கோ அண்ணை எங்கேயோ சனத்துக்குள் நிற்கிறார் போல இருக்கும். அதை வெட்டென்று சொல்கிறீர்களே, நான் எப்படி வெட்டுவேன்? வேறு என்ன கேட்டாலும் செய்வேன், அண்ணி.

செல்லக்குட்டிக்கு முத்தங்கள்.

உங்கள் கஜரூபன்


லாசால்
24.03.2007

தம்பி,

உமக்கு அந்தக் குரல் கைதட்டலோடு வருகிறது. எங்களுக்குச் சவர்க்காரம் அடுக்கியிருக்கும் இடத்தில் வருகிறது.

கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். போன கிழமை, நான் வேலைக்குப் போகப் பிள்ளையை விடுகிற கார்டெரியிலும் றேடியோ போட்டிருக்கிறார்கள். பிள்ளை சாப்பிடாமல் யன்னலடியில் நின்றாளாம். வீட்டுக்கு வந்து அப்பாவுக்கும் சேர்த்து மேசையில் சாப்பாடு வைக்கச் சொன்னாள். "அப்பா கடையிலை வேலை செய்யிறார், பசியோடை வருவார்." அந்தச் சோற்றைக் கொட்டுவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வேறு எதுவும் உம்மிடம் வேண்டாம். எடுக்குமட்டும் எனக்கு எழுதாதேயும். வீட்டில் இருந்த உமது இசைத்தட்டைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

ஜெயமதி


ரொறன்ரோ
09.09.2007

அன்புள்ள அண்ணிக்கு,

இனி எழுதலாம் என்று நினைக்கிறேன். எடுத்தாகிவிட்டது.

எடுக்காவிட்டால் அடுத்த பதிவுக்கு வரமாட்டேன் என்று கம்பனியில் அடம்பிடித்தேன். அந்த இடத்தை வெறுமையாக விட முடியாது என்றார்கள். உங்களுக்கும் தெரிந்த, கார்ட்டியர்வில்லில் இருக்கிற ஸ்ரீதரனை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டு, அதே சொற்களைக் கத்த வைத்து, அண்ணையின் குரல் இருந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். நல்ல மனிசன், வெட்கப்பட்டு வெட்கப்பட்டுக் கத்தினார். நான் பாதியில் வெளியே போய்விட்டேன்.

றேடியோவுக்கும் கடைகளுக்கும் இனிப் புதியதுதான். பழையதை விற்க மாட்டார்கள். பிள்ளை இனி ஓடமாட்டாள். இப்போதாவது ஒரு வரி போடுங்கள், அண்ணி. உங்களை விட்டால் எனக்கு இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்?

கஜரூபன்


லாசால்
18.11.2007

அன்புள்ள தம்பிக்கு,

பதில் பிந்திவிட்டது. கோபம் இல்லை.

உமது கடிதத்தை நம்பி, வெள்ளிக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். பாட்டு வந்தது. துவாரகா கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு காத்து நின்றாள். ஸ்ரீதரன் கத்தினார். குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் கத்தினார். அவள் ஓடவில்லை.

"இது அப்பா இல்லை" என்றாள். பாட்டு முடியுமட்டும் அதே இடத்தில் நின்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா செத்துப்போனாரோ?" என்று கேட்டாள்.

இத்தனை காலமும் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எங்கள் சனம் "ஏதும் செய்தி உண்டோ" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். நானும் என்னைக் கேட்டதில்லை. சனம் வண்டில்களைத் தள்ளிக்கொண்டு போக, நடுக்கடையில் நின்று "ஓம்" என்றேன்.

நான் கேட்டதைத்தான் நீர் செய்தீர். உம்மில் குற்றமில்லை, என்னிலும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பொட்டை அழித்துவிட்டேன். ஐயரோடும் கதைத்தாயிற்று, மார்கழி பிறக்க முதல் அவருக்கு அந்தியேட்டிக் கிரியை. எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை, தம்பியாக நீர்தான் வந்து இருந்து செய்ய வேண்டும். கரைப்பதற்குச் சாம்பல் இல்லை. அதற்கும் ஏதோ வழி இருக்கிறதாம்.

வரும்போது பழைய இசைத்தட்டு ஒன்று தேடிக் கொண்டுவாரும். நான் ஏறி இறங்கிய கடையெல்லாம் புதியதுதான் இருக்கிறது. பிள்ளை கேட்கவில்லை. எனக்குத்தான் வேண்டும்.

அன்புடன்,
அண்ணி