மிச்சமான ஸ்க்ரூ

அண்ணா,

லேபுக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்புமேல் இருக்கிறது, சூடுபண்ணிக்கொள். வெளியே போனால் சாவியை மாடிவீட்டு அக்காவிடம் கொடு.

நீ தூங்கும்போதே உன் கம்ப்யூட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்துவிட்டேன். ஃபேன்மேல் தூசி மெத்தை மாதிரி படிந்திருந்தது. அது அலறாமல் என்ன செய்யும்? இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷால் தட்டினேன். ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது, சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினேன். இனிமேல் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, சூடு பின்பக்கமாக வெளியேற வேண்டும். போட்டுப் பார்த்தேன், சத்தமே இல்லை, ஓடுகிறதா என்றே தெரியவில்லை.

ஆகையால், இதைச் சரிசெய்ய மத்தியானம் வருகிற வருங்கால அண்ணிக்கு இங்கே வேலை இல்லை. காபி கொடுத்து அனுப்பு.

நேற்று போனில் அவரிடம், "எங்க வீட்ல இதெல்லாம் யாருக்கும் தெரியாது, நீதான் வந்து பாக்கணும்" என்று குழைந்தாயே, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இத்தனை வருஷமாக அது மக்கர் பண்ணும்போதெல்லாம், "ஏய் விஞ்ஞானி, இங்க வா" என்று யாரைக் கூப்பிட்டாய்?

கோபமெல்லாம் இல்லை.

பி.கு.: மூடிய பிறகு ஒரு ஸ்க்ரூ மிச்சம். மேசைமேல் கிண்ணத்தில் இருக்கிறது. எங்கே மாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்காதே.

(இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.) சரி, கேள். ஆனால் நான் வந்த பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று சொல்.