ஆறு மாதப் பல்வலி

நவம்பர் 12

அஃப்ரீன் கல்லூரிப் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். தாயின் பெயர்: ரசியா பேகம். தாயின் கல்வி: பத்தாம் வகுப்பு.

நான் படித்தது எட்டு. அது அவளுக்கும் தெரியும். அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக எழுதியிருக்கிறாள். பெத்த புள்ளைக்கே நான் குறைச்சலாப் போயிட்டேனா? சட்னி அரைக்கப் போய்விட்டேன்.

நவம்பர் 14

தனித்தேர்வராகப் பத்தாவது எழுதப்போகிறேன். அவள் எழுதிய பொய்யை நிஜமாக்கிவிட்டால் இரண்டு பேருக்கும் அவமானமில்லை.

யாரிடமும் மூச்சு விடப்போவதில்லை. போன வருஷம் தையல் வகுப்பில் சேரப்போகிறேன் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டபோது முப்பத்தொரு ‘மாஷா அல்லாஹ்’ வந்தது. அதிலேயே மனசு நிறைந்து வகுப்புப் பக்கமே போகவில்லை. ஸ்கூட்டி ஓட்டக் கற்றதும் அப்படித்தான். இந்த ஊரில் விசா வந்தால், ஆள் துபாயில் இறங்கும்வரை அடுத்த வீட்டுக்குச் சொல்லமாட்டோம். கண்ணேறு பட்டுவிடுமாம். என் வீட்டுக்காரர் விமானம் ஏறிய அன்றுகூட ‘மெட்ராஸ் போயிருக்காரு’ என்றுதான் சொன்னேன். அந்தப் புத்தி என் விஷயத்தில் மட்டும் எங்கே போனது?

நவம்பர் 20

திருவாரூரில் மதிவதனி டீச்சரிடம் டியூஷன். அவளுக்கு வயது இருபத்திநாலு. கணக்கைச் சரியாகப் போட்டால் நான் ‘அக்கா’. தப்பாகப் போட்டால் ‘என்னங்க இது!’

கிளம்பும்போதே நாத்தனார் ஹஃப்ஸா வாசலில் மறித்தாள். “எங்க மச்சி கிளம்பிட்டீங்க?”

வாயில் வந்ததைச் சொன்னேன். “பல்லுக்கு.”

டிசம்பர் 9

ஹஃப்ஸா எனக்கென்று தனியாகக் கஞ்சி காய்ச்சுகிறாள். தினமும்.

ஜனவரி 5

கல்யாண விருந்து. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் நல்லி எலும்பு என் பக்கமாகத்தான் விழுந்தது. கையை நீட்டினேன்.

“மச்சி! ரூட் கெனால் நடக்குது, எலும்பக் கடிப்பீங்களா?” என்று ஹஃப்ஸா எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். எனக்குத் தாளிச்சாவிலிருந்து கத்தரிக்காய். இருபடிச் சமன்பாட்டுக்காக நான் இழந்ததை எந்த மதிப்பெண் பட்டியலில் போடுவார்கள்?

பிப்ரவரி 18

அறுவடை மெஷின் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. பின்னாலேயே எங்கள் பஸ். பஸ்ஸிலேயே மூன்று கணக்குப் போட்டேன். மூன்றும் தப்பு.

மார்ச் 3

அவர் துபாயிலிருந்து போன். ஹஃப்ஸா அழுதிருக்கிறாள், மச்சி எதையோ மறைக்கிறாங்க என்று.

“ரசியா, மறைக்காமச் சொல்லு. புத்துநோயா?” பாவம் மனுசன்.

உண்மை தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் முப்பத்தொரு பேருக்கும் தெரிந்துவிடும் — அப்புறம் நான் எங்கே படிப்பேன்? “அதெல்லாம் இல்லங்க. ஏப்ரல்ல எல்லாம் முடிஞ்சிடும்” என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அடிப்பாவி, அதை இப்படியா சொல்லுவே?

மார்ச் 4

சொந்தபந்தம் எல்லோரும் எனக்காக துஆ செய்கிறார்களாம். பரீட்சைக்கு ஆகட்டும்.

ஏப்ரல் 8

கணக்குத் தேர்வு. நான் உள்ளே நுழைந்ததும், கண்காணிக்க வந்த டீச்சர் என்று நினைத்து மூன்று பெண்கள் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

மே 19

பாஸ்! கணக்கில் முப்பத்தாறு. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

அவருக்கு மட்டும் மதிப்பெண் பட்டியலைப் படமெடுத்து அனுப்பினேன். யாருக்கும் சொல்லாதீங்க என்று. பதில் வந்தது — ஒரே ஒரு ‘மாஷா அல்லாஹ்’.

மே 27

இன்று அஃப்ரீனிடம் காட்டிவிடலாம் என்று பட்டியலை எடுத்து வைத்திருந்தேன். அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, போன தடவ காலேஜ் ஃபார்ம்ல நீ பத்தாவதுன்னு பொய் எழுதிட்டேன். நீ உடம்பு முடியாம அலையறதப் பாத்ததுலேருந்து மனசு அறுக்குது. எங்கம்மாவுக்கு என்ன குறைச்சல்? இந்தத் தடவ எட்டாவதுன்னே எழுதிக் குடுத்துட்டேன்.”

சிரிப்பதா அழுவதா? கட்டிக்கொண்டேன். பட்டியல் மறுபடியும் அரிசி டின்னுக்கு அடியில் போய்விட்டது. அவள் தலைநிமிர்ந்து எழுதிய எட்டை நான் ஏன் அடிக்க வேண்டும்?

மத்தியானம் எல்லோர் முன்னாலும் மூன்று நல்லி எலும்பு கடித்தேன். பல் சரியாகிவிட்டது என்று ஹஃப்ஸா சர்க்கரை வைத்து ஃபாத்திஹா ஓதச் சொன்னாள்.

ஜூன் 11

மதிவதனி டீச்சர் பிளஸ் ஒன் புத்தகங்கள் வாங்கி வைத்திருக்கிறாள்.

“எங்க மச்சி கிளம்பிட்டீங்க?”

“கண்ணுக்கு.”