வாசலில் ஒட்டிய பழைய எழுத்து

வாத்தியாரே,

சட்டியில் சர்க்கரைவள்ளிக் கஞ்சி மூடி வைத்திருக்கிறேன். பள்ளிக் கூட்டம் முடிந்து வந்ததும் முதலில் அதைக் குடியுங்கள். பிறகு கோபப்படலாம்.

நேற்று செங்கல் சூளையில் மேஸ்திரி லுவோ எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏம்மா, ஒன் புருசன் இன்னும் அந்த எதிரி தைவான்காரன் விடாம வச்சிருக்கிற பழைய சீன எழுத்துலதான் எழுதுறாராமே? அது கைப்பழக்கமா, மனசுப்பழக்கமா?" யாரும் சிரிக்கவில்லை.

இன்று மாலை நாலு மணிக்குக் கையில் சிவப்புப் பட்டை கட்டிய செங்காவலர் பிள்ளைகள் நம் சந்து வீடுகளைச் சோதிக்க வருகிறார்கள். உங்கள் மாணவர்கள்தான். பழைய எழுத்தில் நீங்கள் எழுதிய நோட்டுகளை அடுப்பில் போடுங்கள். புத்தாண்டுக்கு வாசலின் இருபுறமும் ஒட்டிய வாழ்த்துத் தாள்களையும் கிழித்துப் போடுங்கள்.

அரசாங்கம் கோடுகளைக் குறைத்துக் கொண்டுவந்த எளிய எழுத்தை நேற்றும் நொண்டி எழுத்து என்றீர்கள். மண் சுமந்த கையோடு இரவுப் பள்ளியில் நான் கற்றது அந்த நொண்டியைத்தான். இந்தச் சீட்டும் அதில்தான்.

என் பெயரைப் பழைய எழுத்தில் எழுதித் தந்தீர்களே, அந்தத் தாளை நானே எரித்துவிட்டேன். அழகாகத்தான் இருந்தது.

ஷியுஹே

கதவைச் சாத்தும்போது பார்த்தேன், அதனால் திரும்பி வந்து எழுதுகிறேன். வாசலின் இடப்பக்க வாழ்த்துத் தாளைக் காணோம். கிழிக்கவில்லை, தண்ணீர் தடவி, ஓரம் கெடாமல் உரித்திருக்கிறார்கள். உங்கள் கையெழுத்து யாருக்கோ முழுசாக வேண்டியிருக்கிறது.