கண்ணாடி அலமாரிக்குள் தண்ணீர்

சிவகாசி
ஞாயிறு

அன்புள்ள அருணா,

கண்ணால் பார்க்காத ஒன்றைப் பார்த்தவள்போல் எப்படிச் சொன்னேன்? இந்தக் கேள்வி நேற்றிலிருந்து என்னைக் குடைகிறது, அதனால்தான் நேற்று நீ போன் செய்தபோது சீக்கிரம் வைத்துவிட்டேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அங்கே குளிர் தொடங்கியிருக்கும், நீயும் நலமாக இருப்பாய் என்ற நினைப்பில் எழுதுகிறேன். தீபாவளி முடிந்ததிலிருந்து இங்கே மழை விடவில்லை, துவைத்த துணி ஒன்றும் காயவில்லை.

விஷயம் நீ போலந்திலிருந்து கொடுத்தனுப்பிய உப்புப் படிகம். அதை ஹாலில் கண்ணாடி அலமாரியில் வைத்து, பூமிக்குள் தானாகவே இப்படிக் கட்டம் கட்டமாக விளைந்தது, என் மகள் அனுப்பியது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அழகுமீனா அத்தை, மழையால் பட்டாசுக் கம்பெனி இன்னும் திறக்கவில்லை என்று நாரணாபுரத்திலிருந்து வந்து நம்மோடு தங்கியிருந்தாள். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, மின்னுகிற எதையும் கும்பிடுவாள். ஆயுத பூஜைக்கு வந்தபோதே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள், நான் முணுமுணுத்துக்கொண்டே துடைத்தேன். போன வாரம் ஒரு காலையில் பார்த்தால் படிகத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, கூரான மூலைகள் மழுங்கியிருக்கின்றன. அபிஷேகம் செய்துவிட்டாள் என்று முடிவுகட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு சம்சாத், அவர்கள் அச்சகத்துப் புதுக் காலண்டரைக் கொடுக்க வந்து நின்றாள். அவள் முன்னாலேயே, “பிள்ளையாருக்கு ஊத்துற மாதிரி இதுக்கும் ஊத்திட்டியா?” என்று கேட்டேன். “நான் தொடவே இல்ல மதினி, மாரியாத்தா சத்தியமா” என்றாள் அத்தை. சத்தியமெல்லாம் எனக்கு ஆதாரம் ஆகாது என்றேன். சம்சாத் காலண்டரை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தாள். அத்தை பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அப்பா வேலையிலிருந்து வந்ததும், “அவ சாப்பிட்டுட்டா போனா?” என்று மட்டும் கேட்டார்.

படிகத்தைத் துடைத்து, அலமாரியைப் பூட்டி, சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். நேற்றுக் காலை, பூட்டிய அலமாரிக்குள் மறுபடியும் தண்ணீர். நான் அதன் முன்னால் நிற்கும்போதே அப்பா அடுக்களையிலிருந்து, உப்பு ஜாடி தண்ணீர் விட்டுக் கிடக்கிறது என்று குரல் கொடுத்தார். ஒவ்வொரு மழைக்கும் அந்த ஜாடியில் அரிசி போடுகிறவள் நான், காற்றின் ஈரத்தை உப்பு இழுப்பதைக் கல்லூரியில் பாடமாக நடத்துகிறவளும் நான்தான். இதே தண்ணீரைச் சம்சாத் வீட்டில் பார்த்திருந்தால் காரணம் தேடியிருப்பேன். நம் வீட்டில் கும்பிடுகிறவள் ஒருத்தி இருந்ததால் தேடவில்லை. அதுதான் என்னைச் சுடுகிறது.

நாளை நாரணாபுரம் போகிறேன். நீயும் அத்தைக்குப் போன் செய், ஆனால் எனக்காகப் பரிந்து பேசாதே. படிகத்தை அரிசி போட்ட டப்பாவில் இறுக்கி மூடி வைத்திருக்கிறேன், மழுங்கிய மூலைகள் மழுங்கியவைதான். குளிருக்குக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. நினைத்தது நடந்து, மனத்தில் சுமையில்லாமல் நீ இருக்க வேண்டும்.

உன் அம்மா
முருகேஸ்வரி

திங்கள். உறையை ஒட்டவில்லை, அதனால் சேர்க்கிறேன். அத்தை “வாங்க மதினி” என்றாள். தப்பு என்னுடையது, யாரும் ஊற்றவில்லை, அந்தக் கல்லே ஈரத்தை இழுத்திருக்கிறது என்று நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவள் தட்டை வைத்துச் சோறு போட்டாள். பிறகு உப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, “போட்டுக்கிடுங்க மதினி, தண்ணி விட்டுக் கெடக்கு, நான் ஒண்ணும் ஊத்தல” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் நல்லசிவம் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். நான் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கை கழுவும்போது, “சம்சாத் அக்காட்டயும் இதச் சொல்லிட்டீகளா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, நம் வீட்டுப் பூட்டைத் திறக்காமல் முதலில் சம்சாத் வீட்டுக் கதவைத் தட்டினேன்.