என் தம்பி மாட்டித் தந்த கம்ப்யூட்டர்

மௌனிகா அப்பாவுக்கு,

நான் ஏலக்காய் எடுக்கக் கிளம்பிட்டேன். சாவி மீட்டர் பெட்டி மேல. சோறும் மொச்சைக் குழம்பும் பெரிய தட்டைப் போட்டு மூடியிருக்கு.

வீடு நாறுது, எலி செத்துக் கிடக்குன்னு என்னை மூலை மூலையாத் தேட விட்டீங்களே, அது எலி இல்ல. புதுக் கம்ப்யூட்டர் சூடாகிச் சூடாகி அணையுதேன்னு காலையில மௌனிகா அதோட பக்கத்து மூடியைக் கழட்டினா. உள்ள ஒரு எலுமிச்சம்பழம்! பூசணம் பூத்து, ஃபேன் றெக்கையில சிக்கி, நசுங்கி ஒழுகிக் கிடக்கு. சுத்திச் சந்தனம், குங்குமம்.

ஜீப்புக்கு பானெட்டைத் திறந்து பழம் வச்சுப் பூசை போடுற மாதிரி இதுக்கும் போட்டீங்களாக்கும். ஃபேன் சுத்தலைன்னா சூடாகாம என்ன செய்யும்? இந்த லட்சணத்துல, பழைய சாமானை மாட்டி ஏமாத்திட்டான்னு போடியில இருக்குற என் தம்பியை ஃபோன்ல கிழி கிழின்னு கிழிச்சீங்க. சீ! அவன் சாயங்காலம் வந்து பாக்குறேன் மாமான்னு வச்சுட்டான்.

இன்னொண்ணு. பக்கத்துல சின்னத் தட்டைப் போட்டும் ஒண்ணு மூடியிருக்கு. அது சோத்துக்குத் தொட்டுக்க இல்ல. தம்பி வந்ததும் டீ போட்டுக் குடுத்துட்டு, நீங்களே அதைத் திறந்து காட்டுங்க.