யார் முதலில் பேசுவது

மார்ச் 3, செவ்வாய்
வேலைக்குப் போனேன். ஃபேக்டரியில் டெஸ்ட் மெஷின் மூன்று முறை நின்றது. மூன்று முறையும் சரி செய்தேன்.
கூட வேலை செய்யும் தயாளன் அண்ணன், "இன்னும் லீவு எடுக்கலாம்லா தம்பி" என்றார். எடுத்து என்ன செய்வது என்று கேட்டேன்.
என் மனைவி ரூபினி போய் இருபத்திரண்டு நாள். ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷினை நிறுத்தக் கையெழுத்துப் போட்டவன் நான். அவள் அம்மா குணவதி அத்தை இங்கேதான் இருக்கிறார். சமைக்கிறார். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை.

மார்ச் 5
ரூபினிக்குப் பாடம் எடுத்த ரொஸ்னா போன் செய்தார். ரூபினி நர்ஸ் வேலையோடு மருத்துவ அறம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய கட்டுரை பாதியாக இருந்தாலும் 16ஆம் தேதிக்குள் அனுப்பச் சொன்னார்.
ஒரு ரப்பியைப் பற்றிய கட்டுரை. யூத மதகுரு. சாகக் கிடப்பவர்கள் விஷயத்தில் எது சரி, எது தப்பு என்று நாற்பது வருடம் டாக்டர்களுக்குச் சொன்னவராம்.
எனக்குத் தெரிந்து பினாங்கில் மிச்சமிருக்கும் யூதர்கள் எல்லாரும் இடுகாட்டில்தான்.

மார்ச் 6
நான் செய்தது சரியா? கட்டுரையில் தேடினேன். மெஷினை நிறுத்துவது பற்றி ஒன்பது பக்கம். என் கேஸ் அதில் இல்லை.
வேறொன்று இருந்தது. யூதர்களின் துக்க வீட்டில், துக்கப்படுபவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது. ரப்பி ஒரு வீட்டில் நாலு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனாராம்.
ஓரத்தில் ரூபினியின் குறிப்பு: "நம்மாளுங்க செருப்ப கழட்டும்போதே 'எப்படி ஆச்சு'ன்னு ஆரம்பிச்சிருவாங்க."

மார்ச் 8
பெற்ற மகளை இழந்தவர் அத்தை. அவர் பேசும்வரை நான் பேசக்கூடாது. விதி தெளிவாக இருக்கிறது.
சாம்பார். சாப்பிட்டேன்.

மார்ச் 11
ரசம்.

மார்ச் 13
துக்கப்படுபவன் நானும்தானே? அப்படியென்றால் நான் பேசட்டும் என்று அத்தை காத்திருக்கிறாரா?
இரண்டு மெஷின், ஒன்றின் சிக்னலுக்காக மற்றொன்று. தெரிந்த கோளாறுதான். ஒன்றைக் கையால் தட்டிவிட வேண்டும்.

மார்ச் 14
"அத்தை, நான்தான் கையெழுத்து போட்டேன்."
கத்தரிக்காய் நறுக்கிய கை நிற்கவில்லை.
"டாக்டர் மொதல்ல எங்கிட்டதான் கேட்டாரு மாப்ள. நீங்க காடிய பார்க்கிங்ல நிப்பாட்ட போயிருந்தீங்க. எனக்கு கை வரல. மாப்ளைகிட்ட கேளுங்கன்னுட்டேன். அத ஒங்க தலையில தூக்கி வச்சிட்டு, எந்த மூஞ்சிய வச்சிகிட்டு ஒங்ககிட்ட பேசுவேன்?"
ஒரு மாசமா அத்தை மனசுல இதுதானா... நான் என்னென்னமோ நினைச்சேனே.
கை அப்போதுதான் நின்றது.

மார்ச் 16, திங்கள்
கட்டுரையை அனுப்பிவிட்டேன். கடைசித் தலைப்பு, 'அவர் விட்டுச்சென்றது'. கீழே ஒன்றுமில்லை. நான் எதுவும் சேர்க்கவில்லை.
அத்தைக்கு ரப்பியின் கதையைச் சொன்னேன். நாலு மணி நேரம் பேசாமல் இருந்தவர் என்றேன்.
"நாலு மணி நேரம்தானா? நாம ஒரு மாசம் இருந்தோமே மாப்ள."
யார் முதலில் சிரித்தது என்று கவனிக்கவில்லை.