எட்டாவது அட்டை

ஜனவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் அண்ணியும் நலம்தானே? போனில் பேசினால் "லைன்ல இரு" என்று பாதியில் சொல்லிவிட்டு அச்சகத்து ஆளைத் திட்டப் போய்விடுகிறாய். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு உன் மெஷின் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வைத்துவிட்டுப் போனாலும் திரும்பி வந்து படிக்கலாம்.

முதலில் புகார். என் வாடகை நூலகத்தில் உன் பதிப்பகத்துப் புத்தகங்களுக்குத் தனி அலமாரியே ஒதுக்கியிருக்கிறேன், கூடப் பிறந்த தோஷம். எல்லாப் புத்தகத்திலும் பின்னட்டையின் உள்பக்கம் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டுவேன். திருப்பித் தருகிறவர்கள் ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம். உன் புத்தகங்களுக்கு மட்டும் இரண்டாவது தாளும் ஒட்ட வேண்டியிருக்கிறது.

'மாடியில் மர்மம்' என்று ஒன்று போட்டாயே, அதை ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா ஒருவர் ஆசையாக எடுத்துப் போனார். என்ன எழுதியிருக்கிறார் பார்: "பக்கத்துக்குப் பக்கம் தக்காளிச் செடி. கொலையான ஒரே ஆள் அசுவினிப் பூச்சி." 'முதுகுவலி இனி இல்லை' என்பது நாவல் என்று எனக்கே மூன்றாம் அத்தியாயத்தில்தான் தெரிந்தது. தையல் மெஷினில் நாளெல்லாம் குனிந்து கிடக்கிற ஒரு அம்மா அதில் எழுதியிருக்கிறாள்: "வலி அப்படியே இருக்கிறது. கதாநாயகிதான் இப்போது இல்லை."

நீ சிரிப்பாய். இங்கே நான்தான் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். அவர்கள் தலையில் மிளகாய் அரைத்தது நான் என்பது போலப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. என் வீட்டுக்காரரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கிடந்த நூற்றுப் பன்னிரண்டு நாளையும் நாள் நாளாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பாதி முடிந்தது. போடுவாயா?

உன் தங்கை

ஜனவரி 17

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கோர்ட் குமாஸ்தாவுக்கு என் வணக்கம். புகார் எழுதினாலும் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறார் பார், அதுதான் தலைப்பின் வேலை.

சும்மா திட்டாதே, என் கஷ்டத்தையும் கேள். அட்டை அச்சடிக்கிறவர் தனி. அவர் மெஷினில் ஒரு பெரிய தாளுக்கு எட்டு அட்டை. எட்டும் சேர்ந்தால்தான் மெஷின் ஓடும். ஏழு கொடுத்தால் எட்டாவது இடம் வெள்ளையாகப் போகும், மனுஷன் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். என் எழுத்தாளர்கள் யாராவது சொன்ன தேதிக்கு எழுதித் தருகிறார்களா? அதனால் தலைப்பும் படமும் முதலில் போய்விடும், புத்தகம் பின்னால் வந்து சேரும். துப்பறியும் கதை எழுதுகிறேன் என்று கை நீட்டிச் சத்தியம் செய்தவர் தோட்டக் கலை எழுதிக்கொண்டு வந்து நின்றால் நான் என்ன செய்ய?

மாப்பிள்ளையைப் பற்றி எழுதுவது நல்ல விஷயம். எழுதியவரை அனுப்பு. உன் அண்ணிக்கு முழங்கால் தேவலை.

அண்ணன்

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

முதல் பாதியைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நாற்பத்தோராம் நாள் வரை. அன்றைக்குத்தான் அவர் எழுந்து கட்டிலிலிருந்து ஜன்னல் வரை பதினோரு அடி நடந்தார். மீதியை மார்ச்சுக்குள் தருகிறேன்.

தலைப்பு 'நூற்றுப் பன்னிரண்டு நாள்'. அது சவசவ என்றிருக்கிறது என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும். அதை மாற்றாதே. நான் உன்னிடம் இதுவரை எதையும் பிடிவாதமாகக் கேட்டதில்லை.

உன் தங்கை

மே 20

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

புத்தகம் போன வாரமே வந்துவிட்டது. பத்துப் பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன். பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

தலைப்பு 'எழுந்து நடந்தார்'. கோபப்படாதே. பிப்ரவரியில் ஏழு அட்டை தயாராகி எட்டாவதுக்குக் காத்திருந்தோம். அன்றைக்குப் பார்த்து உன் பாதி வந்தது. புரட்டினேன், ஜன்னல் வரை நடக்கிற இடம் கண்ணில் பட்டது, எழுதிக் கொடுத்துவிட்டேன். நடந்தாரா இல்லையா? நடந்தார். இதில் பொய் எங்கே இருக்கிறது? நூற்றுப் பன்னிரண்டு என்று போட்டால் கணக்குப் புத்தகம் என்று நினைத்துக் கடைக்காரர் பள்ளிக்கூட அலமாரியில் வைத்துவிடுவார்.

நன்றாகப் போகிறது. ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற ஸ்டாலிலிருந்து இரண்டாம் தடவை கேட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

அண்ணன்

ஜூன் 11

அண்ணனுக்கு,

மூன்று வாரம் எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. மாற்றாதே என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்ன ஒரே விஷயத்தை ஒரு தாளில் இடம் காலியாக இருந்தது என்பதற்காகச் செய்திருக்கிறாய். என் மனசு ஆறவில்லை.

ஆனால் இன்று எழுதுவது என் கோபத்துக்காக இல்லை. நேற்று நூலகத்துக்கு ஒரு பெண் வந்தாள், முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் அந்தப் புத்தகம். பின்னட்டையில் என் நூலகத்தின் விலாசத்தைப் போட்டிருக்கிறாயே, அதைப் பார்த்துத் தேடி வந்திருக்கிறாள்.

"நீங்கதானே எழுதினது? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எழுபத்திநாலாம் பக்கத்துல மறுபடி படுத்துடுறாரு. அப்புறம் எந்தப் பக்கத்துல எழுந்திருக்கிறாரு?"

"எதுக்கும்மா கேக்குறீங்க?"

"என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருக்காரு. அங்க கீழ ஸ்டால்ல தலைப்பைப் பாத்துத்தான் வாங்கினேன். தினம் பத்துப் பக்கம் படிச்சுக் காட்டுறேன். எண்பது வரைக்கும் வந்துட்டோம். ரெண்டு நாளா பயமாயிருக்கு, மேல படிக்கல. எழுந்திருக்கிற பக்கத்தைச் சொல்லிட்டீங்கன்னா அங்கேருந்து படிச்சுடுவேன்."

நான் பொய் சொல்லத்தான் பார்த்தேன். வாய் வரவில்லை. "எழுந்திருக்கலைம்மா" என்றேன்.

அவள் அழவில்லை. அட்டையைத் திருப்பி ஒரு தடவை பார்த்தாள். "அவர் கேப்பாரே, அந்த ஆளுக்கு அப்புறம் என்னாச்சுன்னு" என்றாள். வேறு புத்தகம் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "சரி, புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு மீதியை நானே சொல்லிக்கிறேன். அவருக்கு என்ன தெரியப்போகுது" என்று கிளம்பிப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

முதுகுவலிக்காரியும் கோர்ட் குமாஸ்தாவும் ஏமாந்தால் ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்கள். இவள் எங்கே போய் எழுதுவாள்?

புத்தகத்தைத் திரும்பப் பெற வேண்டும். எல்லாப் பிரதியையும், முக்கியமாக அந்த ஸ்டாலில் இருப்பதை. செய்வாயா மாட்டாயா என்று நேராகச் சொல். கூடவே இதற்கும் பதில் சொல்: இரண்டாம் பாதியை நீ படித்தாயா?

தங்கை

ஜூன் 19

அன்புள்ள தங்கைக்கு,

அந்தப் பெண்ணை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைக்குப் போன புத்தகத்தைத் திரும்ப வாங்குவது நீ நினைக்கிற மாதிரி லேசான வேலை இல்லை. அடுத்த பதிப்பில் வேண்டுமானால் பார்க்கலாம். தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதாவது போடலாம்.

இரண்டாம் பாதியைப் புரூஃப் பார்க்கிறவர் வரி விடாமல் படித்தார். ஒரு பிழைகூட இல்லை, உங்கள் தங்கை எழுத்து சுத்தம் என்றார்.

அண்ணன்

ஜூன் 23

அண்ணா,

படி.

தங்கை

ஜூலை 6

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடினேன். நான் போட்ட புத்தகம் என் மேஜையில் ஒன்றுகூட இல்லை. உன் அண்ணியின் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. புத்தகம் வந்த வாரமே அவள் படித்துவிட்டாளாம். "என்கிட்ட ஏன் ஒண்ணும் சொல்லலை?" என்று கேட்டேன். "நீங்க படிச்சிருந்தா நீங்களே ஏதாவது சொல்லியிருப்பீங்க. சொல்லலை, அதனால படிக்கலைன்னு தெரிஞ்சுது" என்றாள்.

படித்தேன். ஒரே மூச்சில் இல்லை, நான்கு நாள் ஆயிற்று. பக்கம் 131, தொண்ணூற்றெட்டாம் நாள். நீ எழுதினதை உனக்கே எழுதுகிறேன்:

"அண்ணன் வந்தார். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். கண் விழித்ததும் அவரிடம் சொன்னேன். 'எழுப்பியிருக்கலாமே' என்றார்."

நான் வரவில்லை. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நூற்றுப் பன்னிரண்டு நாளில் ஒரு நாள்கூட வரவில்லை. அட்டை வேலை என்றேன், புத்தகக் கண்காட்சி என்றேன். ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தேன். பாஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் அப்பாடா என்று திரும்பிவிட்டேன். பயம், வேறொன்றுமில்லை. மச்சான் மச்சான் என்று என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வாயடித்த மனுஷனைப் படுத்த படுக்கையாகப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து எல்லாரையும்விடச் சத்தமாக அழுதேன். அது இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஸ்டாலுக்கு நானே போனேன். அது உள்ளேதான் இருக்கிறது. இந்தத் தடவை பாஸ் வாங்கினேன். பதினேழு பிரதி இருந்தது, எடுத்து வந்துவிட்டேன். மற்றக் கடைகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். பழைய அட்டையைப் பிய்த்துவிட்டு நீ சொன்ன தலைப்பைப் போட்டுப் புது அட்டை ஒட்டப் போகிறேன். தாளில் மீதி ஏழு இடமும் வெள்ளையாகவே போகட்டும் என்று சொன்னேன். அட்டைக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு வேறு தாள் ஒட்டலாம், எங்களுக்கு அது பழக்கமான வேலைதான். அதில் அண்ணன் வரவில்லை என்று போட்டுவிடவா? எத்தனையோ பேர் எழுத்தில் கேட்காமல் கை வைத்திருக்கிறேன். இதை நீ சொல்லாமல் தொட மாட்டேன்.

அண்ணன்

ஜூலை 14

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். ஒரு ஆள் புத்தகத்தை நீட்டிக்கொண்டு நின்றார், நான் கவனிக்கவே இல்லை.

ஏன் அப்படி எழுதினேன் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். "மச்சான் வந்தாரா?" என்று அவர் தினமும் கேட்பார். நாளைக்கு வருவான் என்று சொல்லிச் சொல்லித் தொண்ணூற்றெட்டாம் நாள் எனக்கு அலுத்துவிட்டது. அவர் தூங்கி எழுந்ததும், இப்போதுதான் வந்துவிட்டுப் போனான் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. எழுதும்போது அந்த இடம் வந்தது. உண்மையை எழுதினால் நாலு பேர் உன்னைப் பற்றி நாலு விதமாகப் பேசுவார்கள். நீயே போடப்போகிற புத்தகத்தில் உன் மானத்தை வாங்க எனக்கு மனசு வரவில்லை. உன் மேல் கோபம் இல்லாமல் இல்லை. இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் தலைப்புக்காக உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தபோதெல்லாம் அந்தப் பக்கம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. நீ அட்டையில் செய்ததைத்தான் நான் உள்ளே செய்திருந்தேன்.

அந்தப் பெண் முந்தாநாள் வந்தாள். அவள் கணவர் இன்னும் அதே கட்டிலில்தான். அவள் சொல்லுகிற கதையில் நம் ஆள் இப்போது மாடிப்படி ஏறுகிறாராம். "நீங்க கோவிச்சுக்கலையே?" என்றாள். இல்லை என்றேன். அது அவருக்குச் சொல்கிற கதை, எப்படியும் இருக்கட்டும். அச்சில் நிற்பது வேறு.

மாற்றிப் போடு. ஆனால் அவர் சொன்னதைத் தொடாதே. அதை அவர் சொன்னார். இப்படி இருக்கட்டும்:

"அண்ணன் வரவில்லை. வந்தார், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று அவரிடம் சொன்னேன். 'எழுப்பியிருக்கலாமே' என்றார்."

புரூஃபைத் தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டு வா.

உன் தங்கை